டெசாங்காவின் டிக்கி மூடி

கிராகுயெவாட்ஸ்
செர்பியா, 8 மார்ச் 2004

மிலுட்டினுக்கு,

இன்னைக்கு மகளிர் தினம். ஊர்ல இருக்கிற அத்தனை ஆம்பளையும் ஒத்தைக் கார்னேஷன் பூவைப் பிடிச்சுக்கிட்டு பஸ் ஸ்டாப்புல நிக்கிறான். உன்கிட்டேருந்து பூ வரும்னு நான் எழுதல. ஃபோன் பண்ணினா நீ கத்துவ, நான் வெச்சிடுவேன். விவாகரத்து ஆகி ஆறு வருஷமா அதுதான் நடக்குது. காகிதத்துல கத்த முடியாது, அதனால கடிதம்.

ரெண்டு விஷயம். ஒண்ணு, நம்ம பொண்ணு ஒலிவெராவுக்கு செப்டம்பர்ல கல்யாணம். பையன் சாச்சாக் ஊர்க்காரன், மரம் அறுக்கிற மில் வெச்சிருக்காங்க. மீதியை அவளே உனக்கு எழுதுவா.

ரெண்டாவது, எங்கப்பா வாங்கின சஸ்தாவா கார் இருக்கே, கோர்ட்டுல என் பங்குக்கு வந்த வண்டி, "துருப்பிடிச்ச கோழிக்கூடு, நீயே வெச்சுக்கோ"ன்னு சொல்லிட்டுப் போனியே, அது இப்ப ஓடுது. இஞ்சினை இறக்கி ஏத்தினேன். அடித்தகரம் பூரா அரிச்சுப் போயிருந்துச்சு, வெட்டி எடுத்துட்டுப் புதுத்தகரம் வெச்சு வெல்டு பண்ணினேன். யாரை வெச்சுப் பண்ணினேன்னு கேக்காத. நானேதான். பள்ளிக்கூடச் சமையல்கட்டுல பாத்திரம் கழுவி முடிச்சதும் தொழிற்பள்ளியில சாயங்கால வகுப்புக்குப் போனேன். மீசை முளைக்காத பசங்க நடுவுல ஐம்பது தாண்டின பொம்பளை ஒருத்தி, முகமூடியும் கையுறையுமா. முதல் வாரம் சிரிச்சாங்க. அப்புறம் என் வெல்டிங்கைப் பார்த்துத்தான் அவங்க ஒட்டக் கத்துக்கிட்டாங்க.

கல்யாணத்தன்னைக்கு ஒலிவெரா இந்த வண்டியிலதான் நம்ம வாசலை விட்டுப் போவா. ஓட்டறது நான். தெரு பூரா சொல்லியாச்சு. கசாப்புக்கடை ஓப்ரென் "அது மட்டும் நடந்தா என் மீசையை எடுத்துடறேன்"னு சபதம் போட்டிருக்கான். அவன் பெண்டாட்டி ஸ்தானியா இப்பவே கத்தரியைச் சாணை பிடிச்சு வெச்சுட்டா.

பாக்கி இருக்கிறது டிக்கி மூடிதான். மூடினா இடது மூலை சுண்டுவிரல் தடிமனுக்குத் தூக்கிக்கிட்டு நிக்குது. பக்கவாட்டு இடுக்கும் சரியில்ல, வலது பக்கம் சிகரெட் நுழையும், இடது பக்கம் பிளேடு கூட நுழையாது. கீலைத் தளர்த்தி இந்தப் பக்கம் நகர்த்தினா அந்தப் பக்கம் இடிக்குது. நான் உதவி கேக்கல. அந்தக் கீலுக்கு அடியில நீ தகடு ஏதாவது கொடுத்திருந்தியா இல்லையா? ஆமா, இல்லைன்னு ஒரு வார்த்தை எழுது. அது போதும்.

டெசாங்கா


கிராட்ஸ்
ஆஸ்திரியா, 21 மார்ச் 2004

டெசாங்கா,

ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.

ஒரு வார்த்தை கேட்ட இல்ல, பதில் "இல்ல". தகடும் கிடையாது கிகடும் கிடையாது. மூடியில கோணல் இருந்தாத்தானே தகடு வைக்கணும்? கோணல் இருக்கிறது வண்டியோட உடம்புல. ஒலிவெரா பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம் பிரட் வேன்காரன் பின்னாடி வந்து இடிச்சானே, வண்டியோட வால் சுருட்டின பாய் மாதிரி ஆகலியா? அதை நம்ம முற்றத்து அக்ரூட் மரத்துல சங்கிலி போட்டுக் கட்டி, முதல் கியர்ல இழுத்து நிமிர்த்தினவன் நான். மரமே வேரோட வந்துடும்னு உங்கப்பா ஜன்னல்லேருந்து கத்தினார். மரமும் வரல, வாலும் நிமிந்துச்சு. அன்னைக்கு நான் உக்கார வெச்ச மூடி, நான் அந்த வீட்டை விட்டுப் போற வரைக்கும் ஒரு மயிரிழை நகரல. அந்த உடம்போட கோணல் என் ஒருத்தனுக்குத்தான் தெரியும். நீ வகுப்புல படிச்சதெல்லாம் நேரான தகரத்துக்கு.

நீ வெல்டு பண்ணினதுல வண்டி இன்னும் ரெண்டா பிளக்கலங்கறதே எனக்கு ஆச்சரியமா இருக்கு. இனிமே எதையும் தொடாத. ஆகஸ்ட்ல எனக்கு லீவு. வந்து ஒரு மத்தியானத்துல முடிச்சுக் கொடுத்துட்டுப் போறேன். நீ விளக்கை மட்டும் துடைச்சு வை, வழக்கம்போல பிடிக்கணும் இல்ல.

கல்யாண வண்டியைப் பத்திக் கவலைப்படாத. இங்க என் ஒர்க்‌ஷாப் முதலாளிகிட்ட ஒரு கறுப்பு மெர்சிடிஸ் இருக்கு, கேட்டா கொடுப்பார். பொண்ணு அப்பன் கொண்டு வர வண்டியில கௌரவமா போகட்டும். சாச்சாக்காரங்க வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கற மாதிரி பண்ணி வைக்காத.

மிலுட்டின்


கிராகுயெவாட்ஸ்
5 ஏப்ரல் 2004

மிலுட்டினுக்கு,

விளக்கா?

இருபது வருஷம் பிடிச்சேன்யா அந்த விளக்கை. கை மரத்துப் போய் இன்னொரு கைக்கு மாத்தினா "ஆடாதே"ன்னு கத்துவ. நீ குறடு கேட்டா குறடு, சுத்தியல் கேட்டா சுத்தியல். ஒரு நாள், ஒரே ஒரு நாள், "கொடு, நான் ஒரு தட்டு தட்டிப் பாக்கறேன்"னு கேட்டேன். நீ சிரிச்ச. பக்கத்துல நின்ன ஓப்ரெனும் சிரிச்சான். உனக்கு அது ஞாபகம் இருக்காது. எனக்கு இருக்கு. ஆனா ஒண்ணு, விளக்கு பிடிக்கிறவளுக்குத்தான் எல்லாம் நல்லாத் தெரியும். நீ உன் கையைப் பார்த்த, நான் வேலையைப் பார்த்தேன்.

நீ ஆகஸ்ட்லயும் வர வேண்டாம், செப்டம்பர்ல கல்யாணத்துக்கு வந்தாப் போதும். என் ஷெட்டுக்குள்ள நீ கால் வைக்கக் கூடாது. இது நான் கோபத்துல சொல்றது இல்ல, நல்லா யோசிச்சுட்டுச் சொல்றேன்.

போன சனிக்கிழமை, தூக்கிக்கிட்டு நிக்கிற மூலைக்கு எதிர்மூலையில மூடிக்கும் உடம்புக்கும் நடுவுல ஒரு மரக்கட்டையைக் கொடுத்து, தூக்கின பக்கத்தை முட்டியால அழுத்தினேன். நீ பண்ணுவியே, அதேதான். கொஞ்சம் மசிஞ்சுது. மறுநாள் காலைல பழையபடி தூக்கிக்கிச்சு. பரவாயில்ல, எனக்கும் பிடிவாதம் இருக்கு, அதுக்கும் இருக்கு, யாருக்கு ஜாஸ்தின்னு பாக்கலாம்.

மெர்சிடிஸ் பத்தி ஒலிவெராகிட்ட நீ சொல்லிட்டியாம். நானும் என் பங்குக்குச் சொன்னேன். ரெண்டு பேரும் ரெண்டு பக்கம் இழுத்ததுல பொண்ணு அழுதுட்டா. அப்புறம் மூக்கைச் சிந்திட்டுத் தீர்ப்பு சொன்னா. கல்யாணத்தன்னைக்குக் காலைல, மாப்பிள்ளை வீட்டார் முன்னாடி, டிக்கி மூடி நேரா இருந்தா அம்மா வண்டி. கோணலா இருந்தா அப்பா வண்டி. அதுக்கு மேல யாராவது ஒரு வார்த்தை பேசினா, கவுனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு சாச்சாக் சர்ச்சுக்கு நடந்தே போயிடுவாளாம். நடந்துடுவா. பிடிவாதத்துல அவ உன் பொண்ணு. என் பொண்ணும்தான்.

நான் ஒத்துக்கிட்டேன். நீ?

டெசாங்கா


கிராட்ஸ்
16 மே 2004

டெசாங்கா,

ஒத்துக்கிட்டேன். இதைவிட சுலபமா ஒரு பந்தயம் எனக்கு வாழ்க்கையில கிடைச்சதில்ல.

ஆனா நீ தோத்துட்டு ஊர் முன்னாடி கண் கலங்கி நின்னா பொண்ணுக்குத்தான் சங்கடம். அதனால வெள்ளிக்கிழமை பஸ்ஸுல டிரைவர்கிட்ட ஒரு பொட்டலம் கொடுத்து விட்டிருக்கேன். போர்வை சுத்தியிருக்கும், பெரிசு. இங்க பழைய வண்டி உடைக்கிற இடத்துல தேடி எடுத்த டிக்கி மூடி, அதே மாடல், துருவே கிடையாது. இதை மாட்டு. சரியா உக்காராது, எந்த மூடியும் அந்த உடம்புல சரியா உக்காராது. ஓரத்தைச் சீவு, மீதிக்குப் பட்டியை அப்பித் தேய்ச்சுப் பெயின்ட் அடி. நாலு மாசம் தாங்கும். கல்யாணம் ஒரு நாள்தானே?

நீ என்ன வேணா நினைச்சுக்கோ, நான் கெட்டவன் இல்ல. "கால் வைக்காத"ன்னு எழுதறியே, அந்த ஷெட்டோட கூரையைப் போட்டது யாரு?

மிலுட்டின்


கிராகுயெவாட்ஸ்
20 ஜூன் 2004

மிலுட்டினுக்கு,

கூரையைப் போட்டது நீதான். ஒழுகுது.

உன் மூடியை அதே டிரைவர்கிட்ட, அதே போர்வையோட திருப்பிக் கொடுத்து விட்டேன். கூட ஒரு பாட்டில் அய்வார் மிளகாய்த் தொக்கு வெச்சேன், டிரைவருக்கு, உனக்கு இல்ல. வேற எவனோ வண்டியோட மூடியை மாட்டி, பட்டியை அப்பி, நாலு மாசத்துல உதிர்ற மாதிரி ஒரு வேலையை நான் என் பொண்ணு கல்யாணத்துக்குச் செய்வேன்னு நீ நினைச்ச பாரு, அதுதான் எனக்கு வலிக்குது. எனக்கு ஒரு நாளைக்கு வண்டி வேண்டாம். எனக்கு வண்டி வேணும்.

அப்புறம், கேட்டுக்கோ. கண்டுபிடிச்சுட்டேன்.

போன வாரம் நல்ல மழை. ஓப்ரென் வேடிக்கை பாக்க வந்தவன், கூரை ஒழுகுதுன்னு வண்டி பின்சீட்டுல ஏறி உக்காந்து, வீட்டுலேருந்து கொண்டு வந்த கறியையும் ரொட்டியையும் தின்ன ஆரம்பிச்சான். நான் பின்னாடி நின்னு டிக்கியைத் திட்டிக்கிட்டிருந்தேன். திட்டறது பாதியில நின்னு போச்சு. "ஓப்ரென், இறங்கு"ன்னேன். இறங்கினான். "ஏறு"ன்னேன். ஏறினான். ஏழெட்டுத் தடவை ஏறி இறங்கினப்புறம், "உனக்குப் பித்துப் பிடிச்சுடுச்சு டெசாங்கா, உன் புருஷன் ஓடினதுல தப்பே இல்ல"ன்னு சொல்லிட்டு ரொட்டியோட வீட்டுக்குப் போயிட்டான். போகட்டும். எனக்கு வேண்டியது கிடைச்சுடுச்சு. உன் மூடி அத்தனை வருஷம் எப்படி நேரா நின்னுச்சுங்கறதும் அப்பத்தான் விளங்குச்சு. அது உனக்கே தெரியாதுன்னு பந்தயம் கட்டுவேன்.

மேற்கொண்டு சொல்ல மாட்டேன். செப்டம்பர்ல வந்து பார்த்துக்கோ.

இன்னொரு விஷயம். பொண்ணு வீட்டு ஆம்பளைங்களுக்குச் சட்டை எடுக்கணும். இப்ப என்ன எடை இருக்க? பொய் சொல்லாம எழுது.

டெசாங்கா


கிராட்ஸ்
11 ஜூலை 2004

டெசாங்கா,

நூத்திப் பதினெட்டு கிலோ. காலர் நாப்பத்தாறு. வெள்ளைச் சட்டை வேண்டாம், தெரு நாய்க்குக் கல்யாணம் பண்ணின மாதிரி இருப்பேன்.

ஓப்ரெனை ஏத்தி இறக்கினாளாம், கண்டுபிடிச்சாளாம். எதைக் கண்டுபிடிச்ச? சீட்டு ஸ்பிரிங் கிறீச்சிடுதுன்னா? டெசாங்கா, நான் இந்தத் தொழில்ல நரைச்சவன். ஆள் ஏறினா வண்டி கொஞ்சம் இறங்கும், இறங்கினா உடம்பு கொஞ்சம் அசையும், இதெல்லாம் இங்க எடுபிடி வேலைக்கு வர பையனுக்கே தெரியும். ஆனா பந்தயம் நின்னுக்கிட்டிருக்கிற வண்டிக்கு. முற்றத்துல நிக்கும், நான் பின்னாடி வந்து குனிஞ்சு ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் பார்ப்பேன். தொழில்காரன் பார்வை. அதுலேருந்து நீ தப்ப முடியாது.

மெர்சிடிஸுக்கு முதலாளி சரின்னுட்டார். நம்ம வழக்கப்படி கல்யாண வண்டிக் கண்ணாடியில கட்டற துண்டையும் நானே இங்க வாங்கிட்டேன், ஓரத்துல பூ பின்னினது.

மிலுட்டின்


கிராட்ஸ்
20 செப்டம்பர் 2004

டெசா,

திரும்பி வந்து ஒரு வாரம் ஆச்சு. வேலை ஓடல. முதலாளி ரெண்டு தடவை கேட்டுட்டார், ஊர்ல யாருக்காவது உடம்பு சரியில்லையான்னு.

நடந்ததை நான் எழுதறேன், நீ தப்புன்னா தப்புன்னு சொல்லு.

காலைல நான் வந்தப்போ மாப்பிள்ளை வீட்டார் முற்றத்துல நிறைஞ்சிருந்தாங்க. பொண்ணை அழைக்கற சடங்குக்காக அக்ரூட் மரத்து உச்சியில கட்டின ஆப்பிளை மாப்பிள்ளை துப்பாக்கியால சுட்டு விழ வெச்சாச்சு, அதாவது மூணாவது குண்டுல. சஸ்தாவா மரத்தடியில நின்னுச்சு. நீல பெயின்ட் நல்லா இருந்துச்சுன்னு அப்பவே நினைச்சேன், சொல்லல. பின்னாடி போனேன். குனிஞ்சேன். கோணல். இடது மூலை சுண்டுவிரல் தடிமன், நீ மார்ச்சுல எழுதின அதே தடிமன். நான் சிரிச்சேன். சத்தமாத்தான் சிரிச்சேன். மெர்சிடிஸ் சாவியை எடுத்து ஆட்டிக் காட்டினேன். சம்பந்தி, அந்த மில்லுக்காரர், தொப்பியைக் கழட்டித் தலையைச் சொறிஞ்சார். ஒலிவெரா முகம் செத்துப் போச்சு.

நீ பதறல. அதைத்தான் என்னால மறக்க முடியல. சமையல்கட்டு ஏப்ரனை அவுக்கிற மாதிரி நிதானமா சால்வையைச் சரி பண்ணிட்டு, "கல்யாண வண்டி காலியா போகாது"ன்ன. டிக்கியில சாராயப் பெட்டியை ஏத்தின. மாப்பிள்ளையோட தம்பியை முன்சீட்டுல உக்காரச் சொன்ன. ஒலிவெராவைப் பின்சீட்டுல ஏத்தின. மூலை பாதி இறங்குச்சு. பாதிதான். நான், "இன்னும் கோணல்தான்"னேன். அப்போ நீ என்னைப் பார்த்து, "நீ ஏறு"ன்ன.

நான் அந்த வண்டி பின்சீட்டுல என் ஜென்மத்துல உக்காந்ததில்ல டெசா. எப்பவும் ஸ்டியரிங் என் கையில. ஏறினேன், ஊரே பார்க்குதே, என்ன பண்றது? முட்டி மூக்குல இடிச்சுது. கவுன் பாதி என் மடியில. பின்னாடி யாரோ விசில் அடிச்சாங்க, எல்லாரும் கை தட்டினாங்க. "நேரா இருக்கு, கயிறு பிடிச்ச மாதிரி நேரா இருக்கு"ன்னு சம்பந்தி கத்தினார். நான் இறங்கி ஓடிப் போய்ப் பார்த்தேன். கோணல். எல்லாரும் சிரிச்சாங்க. ஏறினேன், கை தட்டினாங்க. மறுபடி இறங்கினேன், கோணல். மூணாவது தடவை ஒலிவெரா என் சட்டையைப் பிடிச்சு, "அப்பா, போதும், உக்காருங்க"ன்னா. உக்காந்தேன். நீ கிளப்பின. சாச்சாக் வரைக்கும் பின்னாடி அத்தனை வண்டியும் ஹாரன் அடிச்சுக்கிட்டே வந்துச்சு. என் முதலாளியோட மெர்சிடிஸ்ல சுட்ட பன்னி ரெண்டு வந்துச்சு. இன்னும் வாசனை போகல. ஓப்ரென் கிளம்பறதுக்கு முன்னாடியே மீசையை எடுத்துட்டான், அவன் முகத்தை அடையாளமே தெரியல.

இப்ப என் கட்சி. அது சரி பண்ணினது இல்ல, ஏமாத்தினது. தொழில்காரன் காலி வண்டிக்குத்தான் மூடி வைப்பான். இதை நான் எங்க வேணும்னாலும் சொல்வேன்.

ஆனா ஒண்ணு கேக்கறேன். கல்யாணப் போட்டோ எல்லாத்தையும் ஒலிவெரா அனுப்பினா. நூறு போட்டோ இருக்கு. எல்லாம் முன்பக்கம், பக்கவாட்டு. பின்னாடியிருந்து ஒருத்தனும் எடுக்கல. சொல்லு, நிஜமாவே நேராத்தான் இருந்துச்சா? ரெண்டு பக்க இடுக்கும் ஒரே அளவா? இல்ல, எனக்காக எல்லாருமா சேர்ந்து சொன்னீங்களா?

மிலுட்டின்


கிராகுயெவாட்ஸ்
3 அக்டோபர் 2004

மிலுட்டினுக்கு,

நீ எழுதினதுல தப்பு ஒண்ணுதான். ஆப்பிள் விழுந்தது நாலாவது குண்டுல.

ஏமாத்தினேன்னு சொல்றே. நீ அக்ரூட் மரத்துல கட்டி இழுத்தன்னைக்கே அந்த உடம்பு தளர்ந்து போச்சு. காலியா நின்னா ஒரு மாதிரி, பாரம் ஏறினா ஒரு மாதிரி. நாம அந்த வண்டியில காலியா எங்கேயாவது போனோமா? பின்னாடி எப்பவும் உங்கம்மா, மிளகாய் மூட்டை, ஒலிவெரா, விறகு. அதனாலதான் உன் மூடி நேரா நின்னுச்சு. உன் கைவண்ணம் இல்ல, உங்கம்மாவோட எடை. நானும் பாரம் ஏத்தி வெச்சுத்தான் பழைய வெல்டுத் தையலை அறுத்து, மறுபடி வெல்டு பண்ணி, கீலை முறுக்கினேன். ஒலிவெரா எடைக்கு மாவு மூட்டை. உன் எடைக்கு ஓப்ரென், அவன் கையில ஒரு ஆட்டுத் தொடை. சட்டைக்கு எதுக்கு எடை கேக்கறான்னு நீ யோசிக்கவே இல்ல பாரு.

டிக்கிக்குள்ள குறுக்கே ஒரு பட்டைக்கம்பி வெச்சு ஒட்டியிருந்தா காலியாவும் நேரா நின்னிருக்கும். அது எனக்கு ஜூன் மாசமே தெரியும். ஒட்டல. கல்யாணத்தன்னைக்குப் பொண்ணு பக்கத்துல அவ அப்பன் உக்காரணும்னு ஆசைப்பட்டேன். உன்னை வாயால கூப்பிட எனக்கு மனசு வரல, இனிமேலும் வராது. கூப்பிட்டிருந்தாலும் நீ ஸ்டியரிங்கைத்தான் கேட்டிருப்ப.

போன வாரம் அந்தக் கம்பியை ஒட்டிட்டேன். இப்ப காலியாவே நேரா நிக்குது. இனிமே அதுக்கு உன் எடை தேவையில்ல.

கேட்டதுக்குப் பதில். நேராத்தான் இருந்துச்சு. ரெண்டு பக்கமும் ஒரே இடுக்கு, நான் கிளம்பறதுக்கு முன்னாடி விரலால தடவிப் பார்த்தேன். போட்டோ கிடையாது, எடுக்க வேண்டாம்னு போட்டோக்காரன்கிட்ட நான்தான் சொன்னேன். இருபது வருஷம் நீ வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டு "சரியாயிடுச்சு"ன்னு சொல்லுவ, நான் விளக்கோட வெளியில நின்னு நம்புவேன்.

இந்த ஒரு தடவை நீ நம்பு.

டெசாங்கா